மையத்துக்குப் போகும் டயாலிசிஸா, வீட்டில் செய்யும் டயாலிசிஸா

அப்பாவின் சிறுநீரகங்கள் இனி தேறாது என்று 2023 தொடக்கத்தில் மருத்துவர் சொன்னபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வாரத்தில் மூன்று நாள் மையத்துக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ளும் ஹீமோடயாலிசிஸ். மற்றொன்று, வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியே திரவத்தை நிரப்பிச் சில மணி நேரம் வைத்திருந்து வடித்துவிடும் சி.ஏ.பி.டி. (கன்டினியுவஸ் ஆம்புலேட்டரி பெரிட்டோனியல் டயாலிசிஸ்). இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். முதல் நான்கு மாதங்கள் அப்பா இயந்திர டயாலிசிஸில் இருந்தார். அதன்பின் இன்றுவரை சி.ஏ.பி.டி.யில் இருக்கிறார். என் சாய்வு இரண்டாவதன் பக்கம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்ள வாய்ப்புள்ளவர்களுக்கு அதுவே இந்த இரண்டையும்விட நல்லது. உறவில் கொடையாளர் இல்லாத எங்களைப் போன்ற குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இயந்திர டயாலிசிஸைப் பற்றிப் பலரும் அறிவார்கள். ஒரு முறைக்கு நான்கு மணி நேரம், வாரத்தில் மூன்று முறை. கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கும் ஃபிஸ்டுலாவில் இரண்டு ஊசிகள் குத்துவார்கள். இயந்திரத்தில் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் ஓடும் திரவத்துக்கு, நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் தூய்மையான நீர் வேண்டும். செவிலியரும் தொழில்நுட்பரும் அருகிலேயே இருப்பார்கள், குடும்பத்தார் எதையும் கற்கவேண்டியதில்லை, மற்ற நான்கு நாட்களும் நோயாளியுடையவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் அரசு மருத்துவமனைகளிலும் இதற்கு உதவி கிடைக்கிறது என்பது பெரிய வசதி.

குறை எங்கே என்றால், சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் செய்யும் வேலையை இயந்திரம் 12 மணி நேரத்தில் செய்யவேண்டியிருக்கிறது. இரண்டு நாளாக உடலில் சேர்ந்த நீரைச் சில மணி நேரத்தில் இழுத்தெடுக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொள்ளும். வேளச்சேரியிலிருந்து அசோக் நகருக்குப் போய்த் திரும்பிய அப்பா அன்று மாலை முழுவதும் எழுந்திருக்கமாட்டார். வெள்ளிக்கிழமைக்குப் பின் திங்கள்வரை வரும் நீண்ட இடைவெளியே மூச்சுத்திணறலுக்கும் பொட்டாசியம் ஏறுவதற்கும் அதிகம் இடம் தருவது. ஞாயிறு இரவுகளில் அவர் இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடியே உறங்கியதை நான் மறக்கவில்லை. குடிக்கும் தண்ணீரை டம்ளரால் அளந்து கொடுக்கவேண்டியிருந்தது. சென்னையின் மே மாத வெயிலில், தாகமாக இருக்கிறது என்று கேட்கும் அப்பாவுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வது எவ்வளவு கொடிது என்பதைச் சொன்னவர்களே அறிவார்கள்.

சி.ஏ.பி.டி.யில் வடிகட்டி வெளியில் இல்லை. குடலைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வே வடிகட்டியாகிறது. 2 லிட்டர் சர்க்கரைக் கரைசலை வயிற்றுக்குள் விட்டால், கழிவுகளும் மிகுதியான நீரும் ரத்தக் குழாய்களிலிருந்து அதற்குள் கசிந்து வரும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதிய பையை ஏற்றவேண்டும். அப்பாவுக்கு ஒரு நாளில் மூன்று பைகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் அரை மணி நேரம். இது நாள் முழுதும் மெதுவாக நடப்பதால் ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதில்லை. எஞ்சியிருக்கும் சிறுநீரும் கூடுதல் காலம் வருகிறது. பொட்டாசியம் மிகுந்த வாழைப்பழமும் இளநீரும் அறவே கூடாது என்றிருந்தவருக்கு இப்போது அளவோடு பழம் கொடுக்கிறோம். ஹாங்காங் 1985 முதலே சி.ஏ.பி.டி.யை முதல் தேர்வாக வைத்திருக்கிறது என்று படித்தபோது, இது இயந்திரம் கிடைக்காதவர்களுக்கான இரண்டாம் தர சிகிச்சை என்ற எண்ணம் எங்களை விட்டு நீங்கியது.

ஆனாலும் முடிவை நிர்ணயிக்கவேண்டியது இவற்றில் எதுவும் இல்லை என்றே மூன்று ஆண்டு அனுபவம் சொல்கிறது. வீட்டில் அந்தப் பையை யாருடைய கை மாற்றப்போகிறது, அந்தக் கை ஒரு நாள்கூட அலட்சியப்படாமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. சர்க்கரை நோயால் அப்பாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. இணைப்பு முனையைப் பார்த்துப் பொருத்த அவரால் இயலாது. எனவே அம்மாவும் நானும் கற்றுக்கொண்டோம். ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் அணிந்து, நகம் வெட்டிய கைகளைச் சோப்பால் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, மேசையைத் துடைத்து, அதன்பிறகே மூடியைத் திறக்கவேண்டும். திறந்த முனை எதன்மீதும் படக்கூடாது. பட்டால் அந்தப் பையைப் பயன்படுத்தக்கூடாது. முடிந்ததும் அயோடின் பூசிய புது மூடி. குழாய் வெளிவரும் இடத்தை நாள்தோறும் சுத்தம்செய்து களிம்பு தடவவேண்டும். தை அமாவாசைக்குக் கடலில் முழுகும் பழக்கத்தை அப்பா இதற்காகவே விட்டார். இவையெல்லாம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை, அதே வரிசையில், காய்ச்சல் வந்தாலும் விருந்தாளிகள் வந்தாலும் நடக்கவேண்டியவை.

ஒரே ஒரு தடவை நாங்கள் தவறினோம். எட்டாம் மாதம், உறவினர் திருமணத்துக்குப் போன இடத்தில், மண்டபத்து அறையில் புழுக்கம் தாங்காமல் மின்விசிறி ஓட விட்டுப் பை மாற்றினோம். இரண்டு நாள் கழித்து அப்பா வயிறு வலிக்கிறது என்றார். வடிந்த பையைத் தினத்தாளின் மேல் வைத்துப் பார்ப்பது வழக்கம். திரவம் தெளிவாக இருந்தால் கீழே உள்ள எழுத்துகளைப் படிக்கலாம். அன்று தலைப்புச் செய்தியைக்கூடப் படிக்க முடியவில்லை. அது பெரிட்டோனிட்டிஸ், வயிற்றறைத் தொற்று. பையுடனேயே ஆன்டிபயாடிக் கலந்து ஏற்றி இரண்டு வாரத்தில் குணமானது. கலங்கிய பையைக் கண்ட அதே மணி நேரத்தில் கிளம்பியதால்தான் குழாயை எடுக்கும் நிலை வரவில்லை என்றார் மருத்துவர். ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 0.4 தடவைக்கு மேல் இத்தொற்று வரக்கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். அதாவது இரண்டரை ஆண்டுக்கு ஒன்று. வீட்டில் இப்படிப்பட்ட கைகள் இரண்டு இணை இல்லையென்றால், ஒருவர் ஊருக்குப் போனால் பொறுப்பேற்க மற்றொருவர் இல்லையென்றால், நான் சி.ஏ.பி.டி.யைப் பரிந்துரைக்கமாட்டேன், தயங்காமல் மையத்துக்கே போகச் சொல்வேன்.

இடமும் வேண்டும். மாதத்துக்கு 90 பைகள் என்றால் 180 லிட்டர், ஏறக்குறைய 180 கிலோ எடையுள்ள பெட்டிகள். ஒரு படுக்கையறையின் பாதி அவற்றுக்கே போய்விட்டது. கரைசலில் உள்ள சர்க்கரை உடலில் ஏறுவதால் இன்சுலின் அளவைக் கூட்டவேண்டியிருந்தது. புரதம் திரவத்தோடு வெளியேறுவதால் முட்டை வெள்ளையும் மீனும் மருந்துபோல் தட்டில் இடம்பெறுகின்றன.

இருந்தும் என் சாய்வு மாறாததற்கு 2023 டிசம்பர் ஒரு காரணம். மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி மூழ்கியபோது எங்கள் தெருவில் இடுப்பளவு நீர் நின்றது, மின்சாரமும் இல்லை. அப்பாவுடன் முன்பு மையத்துக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் படகு வரும்வரை மூச்சுத்திணறலோடு காத்திருந்ததைப் பின்னர் கேட்டறிந்தோம். எங்கள் வீடு இரண்டாம் மாடி, பெட்டிகள் நனையவில்லை. சி.ஏ.பி.டி.க்கு மின்சாரம் தேவையில்லை. பையை உயரத்தில் தொங்கவிட்டால் திரவம் தானே இறங்கும். டார்ச் வெளிச்சத்தில், கை கழுவச் சேமித்திருந்த ஒரு குடம் நீரோடு, ஒரு பையும் தவறாமல் மாற்றினோம்.

நான் சொல்வது ஒரு வயதான சர்க்கரை நோயாளியின் அனுபவம் மட்டுமே. வேலைக்குப் போகும் இளைஞருக்கோ, ஏற்கெனவே வயிற்றில் பல அறுவை சிகிச்சைகள் செய்தவருக்கோ இது அப்படியே பொருந்தாது. இரவில் இயந்திரமே பைகளை மாற்றும் முறையை நாங்கள் பயன்படுத்தியதில்லை. மேலும், பெரிட்டோனியச் சவ்வு ஆண்டுகள் செல்லச் செல்லத் தளரக்கூடியது. பலர் ஒரு கட்டத்தில் இயந்திரத்துக்குத் திரும்ப நேர்கிறது. ஆகவே முதல் நான்கு மாதத்தில் அப்பாவின் இடது கையில் செய்த ஃபிஸ்டுலாவை இன்றும் காப்பாற்றி வருகிறோம். காலையில் முதல் பையை ஏற்றியதும் அம்மா அந்தக் கையில் விரல் வைத்து, ரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கிறார். ரத்த அழுத்தம் பார்க்க வருபவர்களுக்கு அப்பா வலது கையையே நீட்டுகிறார்.