அஸ்டெக் கற்பனை ஓவியம்: திருகோணமலைக் கடையொன்றில் வாங்கிய அச்சுப்படி

திருகோணமலை நகரில் படங்களுக்குச் சட்டமிட்டு விற்கும் கடையொன்றில் வாங்கிய இந்த ஓவிய அச்சுப்படி, வண்ணத்திலும் தாளின் தரத்திலும் குறைசொல்ல இடமளிக்கவில்லை, மரச்சட்டமும் நேர்த்தியானது.

சிக்கல் ஓவியத்திலேயே இருக்கிறது. கழுகு வீரர்கள் சிறகு விரித்துப் பறப்பதை நான் பிழையாகக் கொள்ளவில்லை. அப்பெயருடைய வீரர்கள், பண்டைய மெக்சிக்கோவை ஆண்ட அஸ்டெக் மக்களின் படையில் உண்மையில் இருந்தனர், பறக்கவிடுவது ஓவியரின் உரிமை. ஆனால், அடியில் ‘தெனோச்தித்லான், 1519’ என்று அச்சிட்ட பின் அந்த உரிமை சுருங்கிவிடுகிறது. அஸ்டெக் தலைநகரான அந்நகரின் பெருங்கோயில் உச்சியில் போர்க்கடவுள் உயித்சிலோபொச்த்லிக்கும் மழைக்கடவுள் த்லாலோக்குக்கும் இரட்டைச் சன்னிதிகளும், அவற்றை நோக்கி ஏறும் இரு படிக்கட்டுகளும் இருந்திருக்க, இதில் நிற்பதோ வேறோர் இனத்தவரான மாயர்களின் சிச்சென் இட்சாப் பிரமிட்டு. போர்த்துக்கீசர் இடித்த கோணேசர் கோயிலை வரைகிறேன் என்று கம்போடியாவின் அங்கோர் கோபுரங்களை நட்டால் திருமலையில் யார் வாங்குவார்?

வீரர் கையில் எஃகு வாள் வேறு. அஸ்டெக் வீரர் உண்மையில் ஏந்திய, எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரப்படைக்கலமான மக்குவாவித்ல் அதைவிட அச்சம் தருவதாயிற்றே! சுண்ணச்சாந்து பூசி வண்ணம் தீட்டப்பட்ட கோயில்களை வெறும் சாம்பல் கல்லாக வரைந்திருப்பது சோம்பல்.

சுவரலங்காரத்துக்குத் தாராளமாக வாங்கலாம். வரலாறு படிக்கும் பிள்ளைக்குப் பரிசளிக்கப் பரிந்துரைக்க மாட்டேன்.