கச்சான் காற்றில் ஒரு பலூன் வளைவு

தங்கச்சியின் மகனுக்கு ஆகஸ்டில் முதலாவது பிறந்தநாள். வாசல் அலங்காரத்துக்கு மட்டும் வெளியில் கேட்ட காசு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. திருகோணமலை டவுனில் ஒரு கடையில் 2,200 ரூபாய்க்குப் பலூன் வளைவுப் பக்கெட் ஒன்றை வாங்கி, திருக்கடலூரில் எங்கள் வீட்டுக் கேற்றில் நானே கட்டினேன். காசுக்குப் பெறுமதியான பொருள். ஆனால் பக்கெட்டில் போட்டிருக்கிறபடியே செய்தால் நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் நிற்காது.

உள்ளே 100 பலூன்: 5 அங்குலத்தில் 40, 10 அங்குலத்தில் 50, 12 அங்குலத்தில் 10. வெள்ளை, இளநீலம், கடும் நீலம். அதோடு ஓட்டை போட்ட 5 மீற்றர் பட்டி, பசைப் பொட்டு ஒரு சுருள், ஒரு கைப் பம். பட்டி 5 மீற்றர் என்றாலும் பலூன் ஏறக்குறைய 3 மீற்றருக்குத்தான் அடர்த்தியாக வந்தது. ஒரு தூணும் மேல் வளைவும் முடிய, மற்றத் தூணில் பாதியோடு நிறுத்தினேன். அப்படி ஒரு பக்கம் இறங்கி நின்றதும் வடிவாகத்தான் இருந்தது.

ஊதும்போதே போனவை மூன்றுதான். பிறந்தநாளுக்கு முதல் நாள் காலையில் நான்கை முழு அளவுக்கு ஊதிக் கேற்றில் கட்டிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் கடும் நீலம் இரண்டும் வெடித்துவிட்டன, வெள்ளை இரண்டும் நின்றன. கடும் நிறம் வெயிலைக் கூட இழுக்கும். சூட்டில் உள்ளே காற்று விரிய, ஏற்கெனவே இறுகி நிற்கிற ரப்பருக்கு இடமில்லை. அப்புறம் அட்டைப்பெட்டியில் 8 அங்குல வட்டம் வெட்டி, 10 அங்குலப் பலூன் ஒவ்வொன்றையும் அதற்குள் விட்டு அளந்துதான் முடிச்சுப் போட்டேன். எல்லாம் நல்ல உருண்டையாக வந்தன.

பசைப் பொட்டுதான் கைவிட்டது. தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றுக் காலம், எதைத் தொட்டாலும் தூசி. ஒட்டின சின்னப் பலூன்கள் அரை மணித்தியாலத்துக்குள் கழன்று வீதியில் உருண்டன. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமா, “பிள்ளை, இது காத்துக்கு நிக்காது, தங்கூசியால கட்டு” என்று வலைக்கு வைத்திருந்த தங்கூசி என்கிற நைலோன் நூலில் கொஞ்சம் வெட்டித் தந்தார். சின்னப் பலூன்களைச் சோடி சோடியாக முடிந்து பெரியவற்றின் கழுத்தில் முறுக்கினேன். பட்டியை முழத்துக்கு ஒரு கட்டாகத் தங்கூசியால் கேற்றோடு இறுக்கினேன். அதன் பிறகு ஒன்றும் அசையவில்லை. மாமாவுக்கு இரண்டு துண்டு கேக் கூடுதலாகவே போனது.

ஊதியது முதல் நாள் இரவு, வீட்டுக்குள், நானும் தங்கச்சியுமாக இரண்டு மணித்தியாலம். பம் தள்ளும்போதும் இழுக்கும்போதும் காற்று தருகிற வகை, கை நோகவில்லை. கேற்றில் ஏற்றியது பின்னேரம் 4 மணிக்கு. அதற்கு முன் ஏற்றினால் வெயிலில் மினுக்கம் போய், மா பூசினது போல மங்கிவிடும்.

சின்னப் பிள்ளை இருக்கிற வீடு என்றால் வெடித்த துண்டில் கண்ணாக இருங்கள். வாயில் வைத்தால் தொண்டையில் ஒட்டி மூச்சை அடைக்கும். வீதியில் மான்களும் திரிகின்றன, கண்டதையும் தின்னும். நான் ஏற்றியது 95, அடுத்த நாள் கழற்றியது 93. மற்ற இரண்டின் துண்டுகளையும் இரவே டோர்ச் அடித்துப் பொறுக்கிவிட்டோம்.