அமெரிக்கன் ஃபுட்பால்: பேஸ் இல்லாமல் பிறந்த இசையும் அதன் மேடையும்

முதல் ஆல்பத்தை மனப்பாடமாக அறிந்தவர் அமெரிக்கன் ஃபுட்பால் என்ற அமெரிக்க ராக் குழுவை நேரில் கேட்கப் போனால், முதலில் திகைக்க வைப்பது பேஸ்தான், அதாவது தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார். நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும் அந்த ஒலி 1999 பதிவில் இந்த அளவுக்கு இல்லை. குழுவின் இசை எப்படி மாறியது, ஏன் சில இரவுகளில் மேடை பிரமாதமாகவும் சில இரவுகளில் குழம்பலாகவும் ஒலிக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே பார்த்துவிடலாம்.

1997இல் இல்லினாய் மாநிலத்தின் அர்பானாவில், பல்கலைக்கழக ஊர்ச் சூழலில் தொடங்கியது குழு. மைக் கின்செல்லா, ஸ்டீவ் ஹோம்ஸ் இருவரும் கிட்டார். ஸ்டீவ் லாமோஸ் டிரம்ஸ், கூடவே டிரம்பெட். பேஸுக்குத் தனி ஆள் கிடையாது. முதல் ஆல்பத்தின் பேஸ் பகுதிகளைக் கின்செல்லாவே பதிவில் சேர்த்தார். அந்தக் காலத்து மேடையில் அதுவும் இல்லை. அவர் அதற்கு முன் கேப்'ன் ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அந்தக் கை கிட்டாருக்கு வந்தது நன்றாகவே தெரிகிறது. கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டத்தை, அழுத்திப் பிடித்துத் தட்டுவதைவிட, ஒவ்வொரு தந்தியையும் தனித்தனி டிரம் போலத் தொட்டுப் போகிறார். ஹோம்ஸ் அதன் இடைவெளிகளில் இன்னொரு வரியைப் பின்னுகிறார். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் பாட்டு நிற்காது.

அந்தப் பின்னலின் சூட்சுமம் பெருமளவு டியூனிங்கில், அதாவது தந்திகளுக்குச் சுரம் அமைப்பதில், இருக்கிறது. முதல் ஆல்பத்தின் ‘நெவர் மென்ட்’ பாட்டின் டியூனிங், தடித்த ஆறாவது தந்தியிலிருந்து தொடங்கி, எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ. சாதாரண டியூனிங்கிலிருந்து இதற்கு வர, முதலில் நான்காவது தந்தியை டியிலிருந்து ஒரு முழு சுரம் இறக்கி சிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஆறாவதை ஈயிலிருந்து அரை சுரம் ஏற்றி எஃப், இரண்டாவதை பியிலிருந்து அரை சுரம் ஏற்றி சி. மற்ற மூன்றையும் தொட வேண்டாம். ஏற்றும்போது பழைய தந்தி அறுந்துவிடலாம், அதனால் புதுசு மாட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. முழு சுரம் இறங்கிய நான்காவது தந்தி தொளதொளவென்று ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் பதித்த உலோகக் கம்பிகளில், பட்டு அதிரும். 10-46 செட்டில் (எண்கள் தந்தியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்) அந்த இடத்துக்கு வரும் 26 தந்திக்குப் பதில் 28 போட்டால் சரியாகிவிடும். மூன்றையும் மாற்றிய பிறகு ஆறு தந்திகளையும் இன்னொரு முறை சரிபார்க்கவும். ஒன்றின் இழுவிசை மாறினால் கழுத்து லேசாக அசைந்து மற்றவை நழுவும்.

வெறும் தந்திகளை மீட்டினாலே எஃப் மேஜர் நைன் கார்டு வந்துவிடும். அதில் எஃபும் ஈயும் சேர்ந்து ஒலிக்கும்போது பிறக்கும் உரசலில்தான் இந்தக் குழுவின் ஏக்கம் முழுக்க இருக்கிறது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் அந்த உரசல் வெறும் இரைச்சலாகிவிடும். உணர்ச்சிகளை வெளிப்படையாகப் பாடும் ராக் வகையான எமோ குழுக்களில் இவர்கள் இவ்வளவு சுத்தமான கிட்டார் ஒலியை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. ஆறாவது தந்தியின் எஃப், சுமார் 87 ஹெர்ட்ஸ். பேஸ் இல்லாத மேடையில் பாதி பேஸ் வேலையைச் செய்தது அந்தத் தந்திதான்.

1999 செப்டம்பரில் பாலிவைனல் நிறுவனம் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. 9 பாடல்கள், சுமார் 41 நிமிடம். அடுத்த ஆண்டுக்குள் குழு கலைந்துபோனது. அதன் பிறகு ஆல்பம் கைக்குக் கை மாறி, ஒரு தலைமுறைக் கிட்டார் பிள்ளைகளுக்குப் பாடநூலாகிவிட்டது. அட்டையில் இருக்கும் அர்பானா வீடும் அப்படித்தான் புகழ்பெற்றது. 2023இல் குழுவும் பாலிவைனலும் இன்னும் சிலரும் சேர்ந்து அந்த வீட்டையே வாங்கிவிட்டார்கள்.

2014இல் மீண்டும் ஒன்றுகூடியபோது வந்து சேர்ந்தவர் மைக்கின் உறவினர் நேட் கின்செல்லா, பேஸ் வாசிக்க. அங்கே தொடங்கியது உண்மையான மாற்றம். 2016இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் அந்த மாற்றம் இன்னும் செரிக்கவில்லை. குரல் மிக்ஸில் முன்னுக்கு வந்துவிட்டது, கிட்டார் பின்னல் அதற்குத் துணை வாத்தியம் போல ஒதுங்கிவிட்டது. முதல் ஆல்பத்தில் குரல் ஏதோ பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருக்கும். சொல்லத் தயங்குகிற இளைஞனுக்கு அந்தத் தொலைவு பொருந்தியது. நடுவயதுக் கணவனின், தகப்பனின் குற்ற உணர்வை இரண்டாவது ஆல்பம் பாடுகிறது. வரிகள் நேர்மையானவை, ஆனால் இசை அவற்றுக்கு மூச்சுவிட இடம் தரவில்லை. முதல் மூன்று ஆல்பங்களில் பலவீனமானது இதுதான்.

2019இல் வந்த மூன்றாவது ஆல்பம் வேறு உயரம். 8 பாடல்கள்தான், ஆனால் சுமார் 47 நிமிடம். தொடக்கப் பாடலான ‘சில்லூயட்ஸ்’ மணியோசை போன்ற வைப்ரஃபோனில் தொடங்கி ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பேஸ் இப்போது கிட்டாரைத் தாங்கும் தூணாக மட்டும் நிற்கவில்லை, தனக்கென்று ஒரு மெட்டைப் பாடுகிறது. அடி உறுதியானதும் மேலே கிட்டார்கள் மிதக்கத் துணிந்துவிட்டன. ஸ்லோடைவ் குழுவின் ரேச்சல் காஸ்வெல், பாரமோர் குழுவின் ஹெய்லி வில்லியம்ஸ், லேண்ட் ஆஃப் டாக் குழுவின் எலிசபெத் பவல் மூவரும் ஆளுக்கொரு பாட்டில் குரல் கொடுத்திருக்கிறார்கள். பெயருக்காக ஒட்டிய கூட்டுப் பாடல்கள் அல்ல இவை. மைக்கின் குரல் எட்டாத இடங்களை அவர்கள் நிரப்புகிறார்கள்.

மேடைக்கு வருவோம். இந்தக் குழுவை ரசிக்கச் சிறந்த இடம் முன்வரிசை அல்ல. முன்னால் நின்றால் கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் ஒலி நேராகக் காதில் விழும். இரண்டு கிட்டார்களில் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் கேட்கும், பின்னல் பிரிந்துபோகும். ஒலியை மிக்ஸ் செய்பவரின் மேசையான சவுண்ட் டெஸ்க்குக்கு இரண்டு மூன்று அடி முன்னால், அரங்கின் நடுக்கோட்டில் நில்லுங்கள். சுவரை ஒட்டி நிற்காதீர்கள், அங்கே பேஸ் குவிந்து மிகையாகும். சின்ன அரங்குகளில் நடக்கும் தவறும் இங்கேதான்: பேஸும் அந்தத் தாழ் எஃபும் 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு எல்லாவற்றையும் சேறாக்கிவிடும். மிக்ஸ் செய்பவர் அந்த இடத்தில் கிட்டாரைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் தெளிந்துவிடும். முதல் இரண்டு பாட்டுக்குள் தெளியவில்லை என்றால் நீங்கள் இடம் மாறிப் பாருங்கள். காதடைப்பான் கொண்டுபோகிறவர்கள் நுரை வகையைத் தவிர்க்கவும். அது மேல் அதிர்வெண்களை அதிகமாக விழுங்கி, இந்த இசையின் மினுமினுப்பையே எடுத்துவிடும். எல்லா அதிர்வெண்ணையும் சமமாகக் குறைக்கும் இசைக்கான வகைதான் ஏற்றது.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிட்டார் மாற்றமும் டியூனிங்கும் நடக்கும். அந்த இடைவெளி நீளும்போது சிலர் பொறுமை இழக்கிறார்கள், ஆனால் அதைச் சுருக்க வழியில்லை. இங்கே பெரும்பாலும் வெறும் தந்திகள்தான் ஒலிக்கின்றன. ஒன்று கால் சுரம் நழுவினாலும் விரலால் வளைத்து ஒப்பேற்ற முடியாது. விளக்குச் சூட்டில் தந்திகள் நழுவத்தான் செய்யும்.

கை தட்ட நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். நாலு எண்ணிக்கைக்குள் அடங்காத தாளங்கள் இங்கே நிறைய. கூட்டம் தட்டத் தொடங்கி இரண்டு சுற்றுக்குள் பிசகி, மேடையிலிருப்பவர்களையும் அலைக்கழிக்கும். கிட்டார் மெட்டை வாயால் முணுமுணுங்கள். கூட்டம் முழுவதும் சொல்லே இல்லாத ஒரு ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டை, சேர்ந்து பாடுவதுபோல் ஒன்றை வேறு குழுவின் நிகழ்ச்சியில் கேட்பது அரிது.

லாமோஸ் 2021இல் விலகி 2023இல் திரும்பினார். அவர் இருக்கும் மேடையைத்தான் தேடிப் போக வேண்டும். அவர் அடிப்பது ராக் டிரம்ஸ் அல்ல, ஜாஸ் சாயல் கொண்டது. ஸ்னேர் என்ற சின்ன டிரம்மில் விழும் மெல்லிய இடைத்தட்டல்கள் கிட்டார் பின்னலின் மூன்றாவது இழை. ‘தி சம்மர் எண்ட்ஸ்’ வரும்போது அதே ஆள் டிரம்பெட்டை எடுப்பார். அப்போது பேசாமல் இருங்கள், பக்கத்தில் பேசுகிறவரையும் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த டிரம்பெட் உரத்து ஊதப்படுவதில்லை, அரங்கின் சலசலப்பிலேயே மூழ்கிவிடக்கூடியது.

மூன்றாவது ஆல்பத்தின் கூட்டுப் பாடல்கள்தான் மேடையில் குறைபடுகின்றன. விருந்தினர் இல்லாதபோது அந்தப் பெண் குரலின் இடம் வெறுமையாகத் தெரிகிறது. ‘சில்லூயட்ஸ்’ மட்டும் நேரில் பதிவை மிஞ்சுகிறது, பேஸின் புண்ணியத்தில்.

நேரில் வாய்ப்பில்லாதவர்கள் 2025இல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் நேரலை ஆல்பத்தைக் கேட்கலாம். முதலில் 1999 ஆல்பம், பிறகு இந்த நேரலை, அதன்பின் மூன்றாவது, கடைசியாக இரண்டாவது. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டு, இடது கிட்டாரையும் வலது கிட்டாரையும் ஒரு முறை தனித்தனியாகப் பின்தொடருங்கள். மூன்றாவது முறை இரண்டையும் விட்டுவிட்டு பேஸை மட்டும்.