காய்ச்சல் கண்ட தாய்: நேரடியாக ஊட்டுவதா, பீய்ச்சிக் கொடுப்பதா?

பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டில் தாய்க்கு ஃப்ளூவோ கோவிட்டோ வந்தால், "பாலை நிறுத்து" என்ற குரல்தான் முதலில் எழுகிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்த நோய்கள் இருமல், தும்மலின் நீர்த்துளிகளால் தொற்றுகின்றன, தாய்ப்பாலால் அல்ல. பாலை எப்படிக் கொடுப்பது என்பதை மட்டும் முடிவுசெய்தால் போதும்.

நேரடியாக ஊட்டுவதே என் முதல் தேர்வு. 2020-இல் உலக சுகாதார நிறுவனம் கோவிட் தாய்மார்களுக்குச் சொன்னதும் இதுவே: முகக்கவசம் அணிந்து, சோப்பால் கைகழுவி, குழந்தையை அருகிலேயே வைத்து ஊட்டலாம். மார்பின் மீது இருமியிருந்தால் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் கழுவத் தேவையில்லை. தாயின் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் பாலில் கலந்து பிள்ளைக்குச் சேர்கின்றன. குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பாலும் ஊறும்.

உட்காரவே முடியாத சோர்வு என்றால் பீய்ச்சிய பாலை நலமாக உள்ள ஒருவர் பாலாடையில் ஊட்டட்டும். இதில் உழைப்பு அதிகம். பாத்திரங்களைக் கொதிக்கவைக்க வேண்டும். வேளை தவறாமல் பீய்ச்சாவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். 25 டிகிரிக்கு மிகாத அறையில் பால் 4 மணி நேரம் தாங்கும். நம் கோடையில் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நல்லது; அங்கே 4 நாள் வரை இருக்கும்.

மார்பில் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றின் கொப்புளம் இருந்தால் அந்தப் பக்கம் ஊட்டவே கூடாது. பிரசவத்தை ஒட்டிச் சின்னம்மை வந்தாலோ, எச்.ஐ.வி. இருந்தாலோ, முடிவை மருத்துவரிடம் விடுங்கள். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று உள்ள தாய் நேரடியாகவே ஊட்டலாம். குழந்தைக்குப் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் போட்டுவிட வேண்டும்.