தருமபுரி படிப்பகத்தில் சத்தம் குறைந்த காற்றோட்ட ஃபேன்: நாலு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

தருமபுரி நான்கு ரோடு பக்கம், முதல் மாடியில் ஒரு படிப்பகம் நடத்துகிறேன். டிஎன்பிஎஸ்சி, போலீஸ் தேர்வு, நீட் என்று அரூர், பென்னாகரம், பாலக்கோடு பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை உட்கார்ந்து படிக்கிற இடம். 2021-இல் ஊரடங்கு தளர்ந்து மறுபடி திறந்தபோது, ஹாலின் காற்றோட்ட ஏற்பாட்டை அடியோடு மாற்றினோம். அதிலிருந்து மண்டபம் வைத்திருப்பவர்கள், டியூஷன் சென்டர் நடத்துகிறவர்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் "எந்தக் கம்பெனி ஃபேன் சார் இது, ஓடுறதே தெரியல?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கம்பெனி பெயரைச் சொன்னால் தீர்ந்துபோகிற விஷயம் இல்லை. அதே ஃபேன் எங்கள் ஹாலிலேயே முதல் வாரம் எப்படி இரைந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முன்பு இருந்தவை கட்டிடத்தோடு வந்த மூன்று எக்ஸாஸ்ட் ஃபேன்கள். 12 இன்ச், தகர பிளேடு, நிமிடத்துக்கு 1400 சுற்று வேகம், சுவரில் ஓட்டை போட்டு நேராக மாட்டியது. சத்தம் அதிகம் என்பது மட்டும் பிரச்சினை இல்லை, அந்தச் சத்தத்தின் குணமே படிக்கிறவர்களைப் பாடாய்ப் படுத்தியது. மூன்றும் ஒரே மாடல் என்றாலும் ஒரே வேகத்தில் சுற்றாது. ஒன்று 1380 சுற்று, இன்னொன்று 1395 என்று வையுங்கள். நாலு பிளேடு ஃபேனில் அந்தச் சின்ன வித்தியாசத்துக்கே 'ஊம்' என்ற ஒலி நொடிக்கு ஒரு தரம் ஏறி ஏறி இறங்கும். ஒரே சீராக இருக்கும் சத்தத்தைக் காது கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். ஏறி இறங்குவதை மறக்காது. கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளை எழுந்து போய் சுவிட்சை ஆஃப் செய்துவிடும். வெளியே பஸ் ஹாரன் என்பதால் ஜன்னலும் சாத்தியிருக்கும்.

அப்புறம் என்ன ஆகும் என்பதை ஒரு சின்ன கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தேன். வெளிக்காற்றில் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு, பக்கம் இருக்கும். உள்ளே 1000-ஐத் தாண்டினாலே காற்றோட்டம் போதவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். நாற்பது பேர் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டால், எங்கள் ஹாலில் ஒரு மணி நேரத்துக்குள் 2000-ஐத் தாண்டிவிட்டது. மத்தியானம் பிள்ளைகள் கொட்டாவி விட்டால் சாப்பாட்டு மயக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பாதி காரணம் இதுதான். சத்தம் போடுகிற ஃபேனை யாராவது நிறுத்திவிடுவார்கள், நிறுத்திய ஃபேனால் ஒரு பயனும் இல்லை. அமைதியாக ஓடுவதை நான் சொகுசாக நினைக்காததற்கு இதுதான் காரணம்.

பழைய ஃபேன்களுக்கு ரெகுலேட்டர் போட்டு வேகத்தைக் குறைத்தால் என்ன என்று எலக்ட்ரீஷியன் தம்பியிடம் கேட்டேன். "வேணாம்ணா, அந்த மோட்டாருக்கு ரெகுலேட்டர் போட்டா முனகல் சேர்ந்துக்கும்" என்றான். போட்டுக் காட்டினான், அப்படித்தான் இருந்தது. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரில் காந்த இழுவை அதன் இரண்டு மடங்காக, 100 ஹெர்ட்ஸில் துடிக்கும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சார அலையைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவதால் அந்த முனகல் கூடும், மோட்டாரும் சூடாகும்.

ஓசூரில் தொழிற்சாலைகளுக்குக் காற்றோட்ட வேலை செய்கிற ஒரு ஃபிட்டர் வந்து ஹாலைப் பார்த்தார். அவர் சொன்னதுதான் இத்தனை மாற்றத்துக்கும் அடிப்படை: "ஃபேன் கத்தல சார், காத்துதான் கத்துது." பிளேடு முனை எவ்வளவு வேகமாகக் காற்றைக் கிழிக்கிறதோ அவ்வளவு சத்தம். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கும். காற்று பாதியாகும், ஆனால் கரண்ட் எட்டில் ஒரு பங்காகும், ஏனென்றால் மின்சாரத் தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகத்தில் வெறும் 20 சதவீதம் குறைத்தாலே கரண்ட் பாதிக்கு வந்துவிடும். அப்படியானால் சின்ன ஃபேனை வேகமாக ஓட்டுவதை விட்டுவிட்டுப் பெரிய ஃபேனை மெதுவாக ஓட்ட வேண்டும். சத்தமும் கரண்ட் செலவும் வேறு வேறு பிரச்சினை என்று நினைத்திருந்தேன். காற்று சுழன்று குலைகிற இடத்தில்தான் இரண்டும் பிறக்கின்றன, அதனால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் பெருமளவு சரியாகிறது.

ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று என்று வைத்து, நாற்பது பேருக்கு மணிக்கு 1440 கனமீட்டர் என்று கணக்குப் போட்டோம். மாட்டியது ஒரே ஒரு பெட்டி ஃபேன். உள்ளே 400 மில்லிமீட்டர் சக்கரம், பிளேடுகள் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து வளைந்தவை. முன்பக்கம் வளைந்த பிளேடு சின்ன இடத்தில் நிறையக் காற்று தள்ளும், ஆனால் திறன் குறைவு, தூசியும் அதன் குழிவில் அப்பிக்கொள்ளும். மோட்டார் நம் வீட்டு பிஎல்டிசி சீலிங் ஃபேன் வகை: நிலைக்காந்தமும் எலக்ட்ரானிக் போர்டும். பழைய சீலிங் ஃபேன் 70, 75 வாட் இழுத்த இடத்தில் புதியது 30 வாட்டில் ஓடுகிறதே, அதே தத்துவம்தான்.

எங்கள் சக்கரத்தின் பிளேடுகளில் பின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி வெட்டப்பட்டிருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். ஆந்தை இரைக்கு மேல் பறந்து வந்தாலும் எலிக்குத் தெரியாது, அதன் இறகு விளிம்பில் தொங்கல் இழைகள் உண்டு. நேரான விளிம்பில் சின்னச் சுழல்கள் மொத்தமாக ஒரே நேரத்தில் மோதி விலகும்போது இரைச்சல் வரும். விளிம்பு பல் பல்லாக இருந்தால் அவை முன்னும் பின்னுமாகப் பிரிந்து விலகும். ஜெர்மனியின் சீல்-அபேக் கம்பெனி இந்த ஆந்தைச் சமாச்சாரத்தை ஃபேன் பெயரிலேயே வைத்திருக்கிறது. நல்ல வேலைதான், ஆனால் அதற்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள். பொருத்துகிற வேலை கெட்டுப்போனால் எந்த ரம்பப் பல்லும் உதவாது.

அது எனக்கு முதல் வாரமே தெரிந்தது. காண்ட்ராக்டரின் ஆட்கள் இடம் மிச்சம் பிடிக்க ஃபேன் வாயிலேயே எல்போவை, அதாவது டக்ட் என்கிற காற்றுக் குழாயின் வளைவுத் துண்டை, ஒட்டி மாட்டிவிட்டுப் போனார்கள். ஆன் செய்தால் அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். வளைவில் திரும்பிய காற்று ஒரு பக்கமாகவே சக்கரத்துக்குள் நுழைகிறது, ஒவ்வொரு பிளேடும் அந்த இடத்தைக் கடக்கும்போது அடி வாங்குகிறது. ஓசூர் ஃபிட்டர் மறுபடி வந்து எல்போவைக் கழற்றி, நடுவில் ஒரு மீட்டர் நேரான டக்ட் கொடுத்தார். ஃபேன் வாயில் வட்டமாக விரிந்த ஒரு தகர வளையமும் வைத்தார், காற்று கூர் விளிம்பில் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போக. பிறகு ஃபேனுக்கும் டக்ட்டுக்கும் நடுவில் கேன்வாஸ் துணி, தொங்கவிட்ட கம்பிகளில் ரப்பர், ஹால் பக்கத்து டக்ட்டுக்கு உள்ளே பஞ்சு ஒட்டிய உறை. ஃபேனை மாற்றவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை, உறுமல் போய்விட்டது.

இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார். வெளியே தள்ளுகிற அளவுக்கு உள்ளே வர வழி இல்லை. கதவு இடுக்கில் விசில் அடித்ததும், கதவு பட்டென்று சாத்திக்கொண்டதும் அதனால்தான். பின்பக்கச் சந்துப் பக்கமாக அகலமான காற்று வழி ஒன்று வெட்டி, ஃபில்டரும் பஞ்சு உறையும் வைத்தோம். ஜன்னலைச் சாத்தியே வைத்துக்கொள்ள முடிந்தது அப்போதுதான்.

இப்போது என் கையில் இருக்கும் அளவுகள். பழைய மூன்றும் சேர்ந்து 350 வாட் பக்கம் இழுத்தன. புதியது முழுவேகத்தில், நிமிடத்துக்கு 800 சொச்சம் சுற்றில், 85 வாட். பதினாறு மணி நேரத்துக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட் மிச்சம். உண்மையில் அதைவிட அதிகம், ஏனென்றால் கார்பன் டை ஆக்சைடு சென்சார் வைத்து ஓட்டுகிறோம். காலையில் பத்துப் பேர் இருக்கும்போது 60 சதவீத வேகத்தில் 25 வாட்டுக்குப் பக்கத்தில்தான் காட்டுகிறது. சத்தம் ஃபோன் ஆப்பில் முன்பு 58, 60 டெசிபல் காட்டிய மேசையில் இப்போது 40-க்குக் கீழே. ஃபோன் மைக் அளவை நம்பி சரியான எண் சொல்ல முடியாது. ஆனால் அதே ஃபோன், அதே மேசை என்பதால் வித்தியாசத்தை நம்பலாம். ஹால் நிறைந்த மாலையில்கூட மீட்டர் 1000-க்குள் நிற்கிறது.

நாலு வருடத்தில் பட்ட கஷ்டங்களும் உண்டு. பெரியது, போர்டு. ஒரு கோடை மழையில் இடி விழுந்த அன்று எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது. விற்ற டீலர் "வந்துரும் சார், வந்துரும் சார்" என்று மாதக்கணக்கில் இழுத்தார். தேர்வு நெருங்கிய நேரம் அது. ஜன்னலைத் திறந்து வைத்து, ரோட்டுச் சத்தத்தில் பிள்ளைகள் பட்ட பாடு எனக்கு இன்றும் கோபம் வருகிற விஷயம். பழைய ஃபேன் என்றால் கெபாசிட்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும், வைண்டிங் இங்கேயே கட்டிவிடுவார்கள். இந்த வகை மோட்டாரில் அந்த வசதி இல்லை. அதற்குப் பிறகு எர்த்திங்கைச் சரிசெய்து, மின்னல் எழுச்சியைத் தடுக்கும் சாதனத்தை மெயின் போர்டில் போட்டோம். வாங்குவதற்கு முன்பே ஸ்பேர் போர்டு கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அடுத்தது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்த கிண்கிண் சத்தம். பாதி வேகத்துக்குக் கொஞ்சம் மேலே போகும்போது மட்டும் ஃபால்ஸ் சீலிங் சட்டம் அதிரும், தாண்டிவிட்டால் நின்றுவிடும். சக்கரத்தின் அதிர்வும் சட்டத்தின் இயல்பான அதிர்வும் ஒன்றாகிற இடம் அது. கண்ட்ரோலரில் அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிப் போகும்படி வைத்ததும் தீர்ந்தது.

தூசி நம் பக்கம் கேட்கவே வேண்டாம். ஃபில்டரை மாதம் ஒரு தடவை கழுவுகிறோம். அடைத்துக்கொண்டால் சென்சார் வேகத்தைக் கூட்டும், சத்தம் லேசாக ஏறும். முன் வரிசைப் பிள்ளைகளே "அண்ணா, ஃபில்டர் பாருங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். சக்கரத்தை வருடம் ஒரு தடவை துடைக்கிறோம், ஒரு பக்கம் மட்டும் அழுக்கு சேர்ந்தால் பேலன்ஸ் போய் பேரிங்கைத் தின்றுவிடும். இதுவரை பேரிங் மாற்றவில்லை.

விலை? பழைய மூன்றின் விலையைப்போலப் பல மடங்கு, டக்ட் வேலை தனி. கரண்ட் மிச்சத்தில் மட்டும் போட்ட காசு மீள நாலு வருடம் ஆகிவிட்டது. ஆனால் இடம் கிடைக்காமல் பிள்ளைகள் பெயர் எழுதிவைத்துக் காத்திருக்கிறார்களே, அதை நான் தனியாகத்தான் கணக்குப் பார்க்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறக் கூடாது. பெட்டியில் போட்டிருக்கும் காற்றளவு பெரும்பாலும் எந்தத் தடையும் இல்லாமல் திறந்தவெளியில் அளந்தது. டக்ட், வளைவு, ஃபில்டர் எல்லாம் வந்தால் அது கிடைக்காது. எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று என்று காட்டும் வரைபடத்தைக் கேளுங்கள், தராத கடையை விட்டு வந்துவிடுங்கள். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால் அங்கே ஓரளவு நம்பி வாங்கலாம், இந்த வகைக்கு வரைபடம்தான் துணை. இரண்டாவது, டெசிபல் எண். ஒருவர் 1 மீட்டரில் அளந்து போடுவார், இன்னொருவர் 3 மீட்டரில். ஒரே ஃபேனுக்கே இதில் 9, 10 டெசிபல் குறைத்துக் காட்டலாம். எத்தனை மீட்டரில், எந்த வேகத்தில், எவ்வளவு அழுத்தத்தில் என்று கேட்காமல் அந்த எண்ணை ஒப்பிடாதீர்கள்.

முடிந்தால் ஏற்கெனவே மாட்டி ஓடுகிற இடத்துக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் ஹாலுக்கு வருவதாக இருந்தால் மாலை ஏழு மணிக்கு மேல் வாருங்கள், அப்போதுதான் ஆள் நிறைந்து ஃபேன் முழுவேகத்தில் ஓடும். பேசுவதை மட்டும் வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம்.