பழைய நிக்கான் 80-200, புது சோனி, நடுவில் ஓர் அடாப்டர்

ஃபிலிம் காலத்து ஜூம் லென்ஸ் எதுவும் டிஜிட்டலுக்கு உதவாது என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர், லென்ஸ் செய்யாத குற்றத்துக்கு அதன்மேல் பழி போடுகிறார்கள் என்பது என் எண்ணம். நிக்கானின் 80-200 மி.மீ. எஃப் 4.5 ஜூம் லென்ஸை, 1977-ல் வந்த ‘ஏஐ’ (ஆட்டோமேட்டிக் இண்டெக்சிங்) வகையை, ஒரு கம்பெனி லென்ஸை வேறு கம்பெனி கேமராவோடு இணைக்கும் அடாப்டர் வளையம் வைத்து, சோனி ஏ7 மார்க் 3 கேமராவில் மாட்டி நெடுநாளாகப் படம் எடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் வந்த எண்ணம் இது.

முதலில் கைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முழுக்க உலோகம், ஏறக்குறைய முக்கால் கிலோ. முன்னால் 52 மி.மீ. ஃபில்டர் போதும், நிக்கானின் பழைய 50 மி.மீ. லென்ஸுக்கு வாங்கியதே இதற்கும் பொருந்தும். ஃபோகஸுக்கும் ஜூமுக்கும் ஒரே வளையம்தான். திருப்பினால் ஃபோகஸ், முன்னும் பின்னும் தள்ளினால் ஜூம். வளையத்தை நகர்த்தும்போது குழலின்மேல் வண்ண வண்ணமாக வளைந்த கோடுகள் தெரியும். ஒவ்வொரு அப்பெர்ச்சருக்கும் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவு, எஃப் எண்ணால் குறிப்பது) எவ்வளவு ஆழம் தெளிவாக விழும் என்பதற்கான கணக்கு அது. இப்போது வரும் லென்ஸ்களில் இதையெல்லாம் யார் பொறிக்கிறார்கள்!

இந்த லென்ஸின் பெரிய பலம், 200-ல் ஃபோகஸ் செய்துவிட்டு 80-க்கு வந்தாலும் ஃபோகஸ் மாறாமல் நிற்பது. ஆட்டோஃபோகஸ் இல்லாத காலத்துக்காரர்களுக்கு இது இல்லாவிட்டால் ஜூமே வீண். மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவில் சப்பரம் திரும்பும் முனையில் நின்றுகொண்டு, 200-ல் தரையில் ஓர் இடத்தைப் பார்த்து ஃபோகஸ் வைத்துவிடுவேன். சப்பரம் அங்கே வந்ததும் நாயன்மார் முகம் ஒன்று, உடனே வளையத்தைத் தள்ளி சப்பரம் முழுக்க ஒன்று. ஒரே கை அசைவு, அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பலம் அடாப்டரின் கையில் இருக்கிறது. நிக்கான் கேமராவில் லென்ஸ் மாட்டும் வாயான எஃப் மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் இருக்கும் தளத்துக்கு 46.5 மி.மீ. தூரம், சோனியில் மவுன்ட்டிலிருந்து சென்சாருக்கு 18 மி.மீ. நடுவே வரும் அடாப்டர் சரியாக 28.5 மி.மீ. இருக்க வேண்டும். மலிவு அடாப்டர்களில் பல, முடிவிலித் தூரத்தில், அதாவது வெகு தூரத்துப் பொருளில், ஃபோகஸ் கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று வேண்டுமென்றே கொஞ்சம் மெலிதாகச் செய்யப்படுகின்றன. 50 மி.மீ. போன்ற ஜூம் இல்லாத லென்ஸுக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை, வளையத்தைச் சற்றுக் கூடுதலாகத் திருப்பினால் சரியாகிவிடும். ஜூமுக்கு அந்தச் சலுகை கிடையாது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே 200-ல் கூர்மையாக இருந்தது 80-க்கு வந்ததும் மசமசவென்று ஆகிவிடும். பார்க்கிறவர் உடனே “பழைய லென்ஸ், 80-ல் மோசம்” என்று தீர்ப்பு எழுதிவிடுவார்.

எனக்கு முதலில் கிடைத்த அடாப்டர் அப்படிப்பட்டதுதான். 200-ல் ஃபோகஸ் செய்யும்போது தூரத்துச் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு, முடிவிலிக் குறிக்குச் சற்று முன்பே கூர்மையாகிவிட்டது. அங்கேயே விட்டு 80-க்கு வந்தால் விளக்கு ஊதிப்போய்த் தெரிந்தது. அடாப்டரின் நாலு திருகைக் கழற்றி, உள்ளே மெல்லிய பித்தளைத் தகட்டை வளையமாக வெட்டி வைத்ததும் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி நின்றது. லென்ஸின் கண்ணாடியில் கை வைக்கவே இல்லை.

அப்புறம், ஃபோகஸ் செய்யும்போது அப்பெர்ச்சரை எஃப் 4.5-லேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி அடாப்டரில் வளையத்தை எஃப் 8-க்குத் திருப்பினால் லென்ஸின் துளை அப்போதே சுருங்கிக்கொள்ளும். வியூஃபைண்டரில் எல்லாமே கூர்மை போலத் தோன்றும், ஃபோகஸில் உள்ள ஓரங்களில் வண்ணம் காட்டும் கேமரா வசதியும் சேர்ந்து ஏமாற்றும். திறந்து வைத்து, பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, பிறகு மூடுவதுதான் ஒழுங்கு. கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் வேலை செய்யும்படி வைக்க வேண்டும். கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதிக்கு மில்லிமீட்டர் கணக்கை நாமே கொடுக்க வேண்டும். ஜூமில் இதுதான் தொல்லை. 200 என்று கொடுத்துவிட்டு 80-ல் எடுத்தால் சென்சார் தேவைக்கு மேல் ஆடிப் படத்தைக் கெடுக்கும். நான் 80 என்றே வைத்துவிட்டு, 200-க்குப் போகும்போது ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறேன்.

படம் எப்படி? எஃப் 4.5-ல் நடுப்பகுதி நன்றாகவே இருக்கிறது, மூலைகள் மென்மை. எஃப் 8-ல் 24 மெகாபிக்சல் சென்சாருக்குக் குறை சொல்ல முடியாது. கபாலீசுவரர் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை எடுத்ததில் ஒரு பொம்மையின் விரலில் வண்ணம் உதிர்ந்த இடம்கூடத் தெரிகிறது. ஆனால் அதே சிற்பம் மத்தியான வெள்ளை வானத்துக்கு எதிரே இருந்தால் விளிம்பில் ஊதா படரும். எதிர் வெயில் பட்டால் படம் முழுக்க வெளிறும். ஊதாவை மென்பொருளில் நீக்கலாம். வெளிறலைத் தடுக்க, லென்ஸின் முன்னால் வெயிலை மறைக்கும் ஹூட் ஒன்றைப் போட்டே ஆக வேண்டும்.

ட்ரைபாடில் பூட்ட லென்ஸுக்குத் தனிக் கால் இல்லை, முன்பாரம் முழுக்க அடாப்டரில் தொங்கும். அதனால் கேமராவைப் பிடிக்காமல் லென்ஸைத்தான் தாங்கிப் பிடிக்கிறேன். என்னுடையதில் வளையம் தளர்ந்துவிட்டது, கேமராவைக் குனியவிட்டால் தானாகச் சறுக்குகிறது. அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை மாட்டி ஓட்டுகிறேன்.

சென்னைக் காற்றில் பூஞ்சைதான் இதற்கு எமன். வாங்கும்போது அப்பெர்ச்சரைத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சுத்தமாக இருந்தால் கையோடு உங்கள் கேமராவில் அடாப்டரோடு மாட்டி, தூரத்து விளக்கு ஒன்றை 200-லும் 80-லும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். 200-ல் சரியாக இருந்து 80-ல் மட்டும் மங்கினால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், வேறொரு அடாப்டரைக் கடன் வாங்கி இன்னொரு முறை பாருங்கள்.