அச்சை ஐந்து சென்டிமீட்டர் முன்னே நகர்த்திய பிறகு

முதுகுத்தண்டுவடக் காயத்துக்குப் பிறகு 11 ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இயங்கிவரும் நான், மடக்கும் இரும்பு நாற்காலியை விட்டு, மடங்காத அலுமினியச் சட்டகமும் இடம் மாற்றக்கூடிய பின்சக்கர அச்சும் கொண்ட நாற்காலிக்கு மாறி 8 மாதங்கள் ஆகின்றன. எடை பழையதில் ஏறத்தாழப் பாதிதான். ஆயினும் முதல் மூன்று வாரங்களில் என் வலது தோள்வலி சிறிதும் குறையவில்லை.

குறை நாற்காலியில் இல்லை, அதைப் பூட்டியிருந்த விதத்தில் இருந்தது. பின்னால் கவிழ்ந்துவிடக் கூடாது என்பதற்காக அச்சைச் சட்டகத்தில் மிகப் பின்னால் உள்ள துளையில் வைத்து அனுப்பியிருந்தார்கள். அந்த நிலையில், ஒவ்வொரு தள்ளலுக்கும் கையைத் தோளுக்குப் பின்னே கொண்டுசென்றுதான் பெரிய சக்கரத்தின் வெளிப்புறத்தில் உள்ள தள்ளு வளையத்தைப் பிடிக்க முடிந்தது; உடல் எடையில் பெரும்பங்கு முன்புறச் சிறு சக்கரங்களில் இறங்கியதால், அவை சாலையின் ஒவ்வொரு சிறு மேட்டிலும் முட்டி நின்றன.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அச்சை 5 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினார். எடை பெரிய சக்கரங்களின் மேல் வந்ததால் உருளும் தடை குறைந்தது. வளையத்தின் நீண்ட பகுதியைக் கை பற்றித் தள்ள முடிந்ததால், முன்பு 22 முறை தள்ளிக் கடந்த எங்கள் குடியிருப்பின் நடைவழியை இப்போது 15 தள்ளலில் கடக்கிறேன். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நாளெல்லாம் சேரும் உழைப்பில் இது எத்தகைய வேறுபாடு என்பதைக் கைகளையே கால்களாகக் கொண்டவர்கள் அறிவார்கள்.

இருக்கையின் உயரமும் அதே அளவு முக்கியம். வளையத்தின் உச்சியில் கையை வைக்கும்போது முழங்கையில் மேற்கைக்கும் முன்கைக்கும் இடையிலான கோணம் 100 முதல் 120 பாகை வரை இருக்க வேண்டும் என்று, தண்டுவடக் காயமுற்றோரின் கைகளைக் காப்பதற்காக அமெரிக்காவில் 2005-இல் வெளியான மருத்துவ வழிகாட்டி கூறுகிறது. எனக்கு இருக்கை சற்று உயரமாக இருந்தது. மெத்தையை மாற்றியதும் சரியாயிற்று.

இதற்கு ஒரு விலை உண்டு. அச்சு முன்னே வந்தால் நாற்காலி எளிதில் பின்னால் சாயும். விதிப்படியான 1:12 சாய்தளத்தில், அதாவது 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரும் சரிவில், சிரமமில்லை. எங்கள் வீட்டு வாசலில் உள்ளது அதைவிடச் செங்குத்தானது என்பதால், முதல் வாரத்தில் ஒருமுறை முன்சக்கரங்கள் மேலெழுந்து திடுக்கிட்டுப் போனேன். கவிழ்வுத் தடுப்புச் சக்கரங்களைக் கழற்றாமல், ஒவ்வொரு துளையாக நகர்த்திப் பழகுவதே நல்லது.

டயரில் காற்றை வாரம் ஒருமுறை பார்க்கிறேன். காற்று குறைந்த டயர், சரியாக அமைத்த அச்சின் பயனையும் விழுங்கிவிடும். சட்டகம் மடங்காதது ஆட்டோவில் ஏற்றும்போது தொல்லைதான். சக்கரங்களைக் கழற்றினால் இடம் போதுகிறது.

சென்னை ஐஐடியோடு இணைந்து உருவான நியோஃபிளை போல, உடலளவைக் கேட்டுச் செய்து தரும் நாற்காலிகள் இப்போது நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. எந்த நாற்காலியை வாங்கினாலும், பணம் செலுத்தும் முன் அச்சு எத்தனை நிலைகளில் நகரும் என்றும், அதை உங்களை உட்காரவைத்துப் பார்த்து அமைத்துத் தருவார்களா என்றும் கேளுங்கள்.